பட்டத்தரசியும் காப்பாளரும்: இலங்கை வரலாற்று கேமுக்கு எந்த முறை பொருந்தும்?

1617 இல் யாழ்ப்பாண அரசன் எதிர்மன்னசிங்கம் இறந்தபோது பட்டத்துக்குரிய பிள்ளை வயதுக்கு வராத சிறுவன். அவனுக்காக ஆள நின்றவர் இறந்த அரசனின் சகோதரன் அரசகேசரி. சங்கிலி குமாரன் அவரையும் அரச குலத்து ஆண்களையும் கொன்று அரண்மனையைப் பிடித்தான். அதன் பிறகு கொழும்பிலிருந்த போர்த்துக்கேயரிடம் தன்னை அந்தச் சிறுவனின் காப்பாளனாக ஏற்கும்படி கேட்டான். திறை கட்ட வேண்டும், கண்டிக்கு உதவக்கூடாது என்ற நிபந்தனைகளோடு அவர்களும் ஏற்றார்கள். 1619 இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப்பே டி ஒலிவேராவின் படை யாழ்ப்பாணத்தையே எடுத்துக்கொண்டது.

ஒரு மரணம், ஒரு சிறுவன், ஒருவர்பின் ஒருவராக இரண்டு காப்பாளர்கள், வெளியாரிடம் வாங்கிய ஒரு அங்கீகாரம். இலங்கையைக் களமாகக் கொண்ட உத்தி கேமில் பட்டத்தரசிகளையும் காப்பாளர் ஆட்சியையும் சேர்க்க நினைப்பவர்கள் எந்த முறையை எடுத்தாலும் முதலில் இந்தச் சம்பவத்தை அதற்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓடாத முறை நம் வரைபடத்துக்கு உதவாது.

இந்த ஒப்பீடு மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்தில் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து, மாலை நேரத்தை மட்டும் முதலாக வைத்து கேம் செய்யக்கூடியவர்களுக்காக எழுதப்படுகிறது. களம் 1591 முதல் 1638 வரை என்று வைத்துக்கொள்வோம். 1591 இல் எதிர்மன்னசிங்கம் பட்டத்துக்கு வருகிறான். 1638 மே 18 இல் ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடிக்கிறார்கள். இடையில் 1602 இல் ஒல்லாந்துக் கப்பல் தலைவர் ஸ்பில்பெர்கன் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டி போவதும், 1628 இல் மட்டக்களப்பின் புளியந்தீவில் அந்தக் கோட்டை எழுவதும் வருகின்றன. ஆட்டத்தின் ஒரு சுற்று என்பது ஒரு போகம், அதாவது ஒரு நெல் விளைச்சல் பருவம்: பெரும்போகம் ஒன்று, சிறுபோகம் ஒன்று, ஆண்டுக்கு இரண்டு. 47 ஆண்டுக்கு 94 போகம். கீழே வரும் எல்லாக் கணக்கும் இந்த 94 ஐ வைத்துத்தான்.

வெறும் சபை

மிக எளிய வழி இது. அரசன் இறக்கிறான், வாரிசுக்கு வயது போதாது, ஒரு சபை ஆளுகிறது. யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 என்ற உத்தி கேம் வெளிவந்த 2013 இல் இப்படித்தான் இருந்தது. வாரிசு 15 வயதை எட்டும்வரை சபை ஆளும், அதுவரை நீங்கள் போர் அறிவிக்க முடியாது. கேமின் கோட்டில் (கணினிக் குறிமுறையில்) ஆம்/இல்லை என்று காட்டும் ஒரு கொடி, ஒரு முடிவுத் திகதி, இரண்டு மூன்று தண்டனைகள். அனுபவமுள்ள ஒருவர் இரண்டு மாலையில் எழுதி முடித்துவிடலாம். ஈவன்ட் வாசகங்கள், அதாவது ஆட்டத்தின் இடையில் திரையில் தோன்றும் சம்பவங்களின் வாசகங்கள், பத்துப் பன்னிரண்டு போதும்.

தடுக்கி விழும் இடம் கால அளவு. வாரிசுக்கு 3 வயது, பட்ட வயது 16 என்றால் 13 ஆண்டு, அதாவது 26 போகம். மொத்த ஆட்டத்தில் கால்வாசிக்கு மேல் ஆட்டக்காரர் ‘அடுத்தது’ பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டிருப்பார். ஐந்தாவது போகத்தில் பழைய சேமிப்பைத் திறந்து அரசனைச் சாகாமல் வைத்துக்கொள்வார். நீங்கள் சேர்த்த அம்சத்தை ஆட்டக்காரர் தப்பித்து ஓடவேண்டிய ஒன்றாக ஆக்கிவிட்டீர்கள் என்பதுதான் இதன் பொருள்.

போர்த் தடை வரலாற்றுக்கும் ஒத்துவராது. 1551 இல் கோட்டை இராச்சியத்தின் அரசன் ஏழாம் புவனேகபாகு சுடப்பட்டு இறந்தபின் பேரன் தர்மபாலனுக்காகத் தந்தை விதியே பண்டார நின்றார். அந்தக் காலம் சீதாவாக்கை அரசன் மாயாதுன்னையோடு சண்டை நடந்த காலம். மதுரையில் 1689 இல் கைக்குழந்தையாக இருந்த பேரன் விசயரங்க சொக்கநாதனுக்காக ஆட்சியை ஏற்ற மங்கம்மாள் மொகலாயருக்குத் திறை கட்டி ஒரு பக்கத்தை அமைதியாக்கினார், திருவிதாங்கூர் மீது படை அனுப்பினார், சாலையும் சத்திரமும் அமைத்தார். நாட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு ‘உங்களால் போர் அறிவிக்க முடியாது’ என்று திரையில் எழுதுவது பிழை.

ஆனாலும் இதை முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை. 30 சுற்றுக்குள் முடியும் குறு ஆட்டத்துக்கோ, நான்கு பேர் ஒரே மேசையில் விளையாடும் பலகை வடிவத்துக்கோ இதுவே போதும். போர்த் தடையை எடுத்துவிட்டு, அழைக்கக்கூடிய படையைப் பாதியாக்குங்கள், வரியில் 20 சதவீதத்தைக் குறையுங்கள், காலத்தை எத்தனை வயதானாலும் 6 சுற்றுக்கு மேல் போகாமல் கட்டுங்கள்.

பட்டத்தரசி அட்டை

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 க்கு 2016 இல் வந்த ‘ரைட்ஸ் ஒஃப் மேன்’ விரிவாக்கம் அரசிகளைக் கொண்டுவந்தது. அரசனுக்கு அருகில் அரசிக்கும் ஓர் அட்டை: பெயர், வயது, எந்த நாட்டிலிருந்து வந்தவர், நிர்வாகம், இராசதந்திரம், படை என்று 0 முதல் 6 வரை மூன்று திறன்கள், அதோடு குணங்கள். அரசன் இறந்து வாரிசு சிறுவனாக இருந்தால் அரசி காப்பாளராக முடியும். ஒவ்வொரு திருமணமும் ஒரு தெரிவாகிறது. முகம் இல்லாத சபைக்குப் பதிலாக ஒரு பெண்ணின் பெயரும் திறனும் திரையில் நிற்கின்றன. வேலை அளவும் கட்டுக்குள் இருக்கும்: நாற்பது ஈவன்ட் வாசகங்கள், ஒரு திரை, ஒரு மாதம்.

ஆகவே பலரும் இந்த முறையைத்தான் முதலில் எடுப்பார்கள். இலங்கைக்கு இதை அப்படியே எடுத்தால் நான்கு இடத்தில் உடையும். உடைவது சின்னச் சின்ன விதிவிலக்குகளால் அல்ல. அட்டைக்கு அடியில் ‘அரசன் உரிமையுள்ளவன், அரசி அவனருகில் வந்து சேர்ந்தவள், வாரிசின் தாய் அவளே’ என்ற ஊகம் கிடக்கிறது. நம் வரலாற்றில் அந்த மூன்றும் ஒன்றாக நிற்பது குறைவு.

முதலாவது, கண்டியின் குசுமாசன தேவி. போர்த்துக்கேயர் வைத்த பெயர் டோனா கதரீனா. கரலியத்தே பண்டாரவின் மகள். 1594 இல் போர்த்துக்கேயர் அவரைக் கண்டியில் அரசியாக அமர்த்த ஒரு படையோடு வந்து தோற்றார்கள். வென்ற விமலதர்மசூரியன் அவரைத் திருமணம் செய்தான். 1604 இல் விமலதர்மசூரியன் இறந்தபின் ஆட்சிக்கு வந்த செனரத்தும் அவரையே திருமணம் செய்தான். இரண்டு அரசர்களுக்கும் பட்ட உரிமைக்கு வலு சேர்த்தவர் இந்தப் பெண். அட்டை முறையில் அரசன் இறந்து புது அரசன் வந்ததும் பழைய அரசி அட்டை அழிந்துவிடும். உரிமையைச் சுமந்தவரே தரவிலிருந்து மறைந்துபோவார். முதல் கணவனின் மகன் மகா அஸ்தானனும் இரண்டாவது கணவனின் மகன், பின்னாளில் இரண்டாம் இராஜசிங்கனும், ஒரு தாய் பிள்ளைகள் என்பதைப் பதியவும் இடமிருக்காது.

இரண்டாவது, பொலன்னறுவையின் லீலாவதி. முதலாம் பராக்கிரமபாகுவின் அரசி. 1197 க்கும் 1212 க்கும் இடையில் மூன்று தடவை தானே சிங்காசனத்தில் இருந்தார், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு சேனாபதியின் கைபலத்தில். நிசங்கமல்லனின் அரசி கல்யாணவதியும் 1202 முதல் 1208 வரை அப்படியே, ஆயஸ்மந்தன் என்ற சேனாபதியின் துணையோடு ஆண்டார். இங்கே அரசி எந்தப் பிள்ளைக்கும் காப்பாளர் அல்லர். பட்டம் அவருடையது, பிடி, அதாவது உண்மையான அதிகாரம், வேறொருவருடையது. அட்டையில் ‘பட்டம் யாருக்கு’, ‘பிடி யாரிடம்’ என்று இரண்டு கட்டங்கள் தனித்தனியாக இல்லாதவரை இதைச் சொல்ல முடியாது.

மூன்றாவது, கண்டி 1739. நரேந்திரசிங்கனுக்குப் பட்டத்துக்குரிய பிள்ளை இல்லை. மதுரையிலிருந்து வந்த அரசியின் சகோதரன் சிறீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் முடிசூடினான். 1747 இல் அவன் இறந்ததும் மறுபடியும் அரசியின் சகோதரன், கீர்த்தி சிறீ ராஜசிங்கன். இது 1591–1638 களத்துக்கு வெளியே என்றாலும் விதியைச் சோதிக்கச் சிறந்த எடுத்துக்காட்டு. ஐரோப்பிய முறையில் எழுதிய கேமில் மனைவியின் குடும்பம் பட்டத்தைப் பெற்றால் நாடு வெளி அரசு ஒன்றின் கீழ் போய்விடும். கண்டிக்கு அப்படி நடக்கவில்லை. மதுரை நாயக்கர் ஆட்சியே 1736 இல் முடிந்துவிட்டிருந்தது. ஆளும் வீடு மாறியது, நாட்டின் தனித்தன்மை மாறவில்லை. கோட்டில் இவை இரண்டும் ஒரே மாறியில் இருக்கக்கூடாது.

நான்காவது நம் வாசலில் இருப்பது. கிழக்கில் குடி தாய்வழி. முக்குவர் சட்டத்தில் முதுசொம் (பரம்பரைச் சொத்து) சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். பதவிகளும் மாமனிடமிருந்து மருமகனுக்கு இறங்கும். தமிழர் கோயில்களை நிர்வகிக்கும் வண்ணக்கர் முறையிலும் முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர் முறையிலும் தாய்வழிக் குடியின் தடம் இருக்கிறது. மட்டக்களப்பு வன்னிமைகளை (உள்ளூர்த் தலைவர்கள் ஆண்ட சிறு பகுதிகளை) களத்தில் வைத்தால், தலைவனின் மனைவி வாரிசின் தாய் அல்லள். வாரிசின் தாய் தலைவனின் சகோதரி. மனைவி வேறு குடியைச் சேர்ந்தவள், அவளுடைய பிள்ளைகள் அவளுடைய குடிக்கே உரியவர்கள். அட்டை முறை இந்த இடத்தில் தலைவன் செத்ததும் அவன் மனைவியிடம் ஆட்சியைக் கொடுக்கும். களுவாஞ்சிகுடியிலோ காத்தான்குடியிலோ சோதித்துப் பார்க்கக் கொடுத்தால் முதல் பத்து நிமிடத்தில் இந்தப் பிழையைக் கண்டுபிடித்துத் திருப்பித் தருவார்கள்.

முழு உறவு மரம்

குருசேடர் கிங்ஸ் 3 என்ற உத்தி கேம் இந்த வழியின் உச்சம். எல்லாரும் ஆட்கள், தாய், தந்தை, மாமன், பகை, நட்பு எல்லாம் பதிவு. 16 வயதில் பிள்ளை பெரியவராகிறது. 2023 மே மாதம் வந்த ‘டூர்ஸ் அன்ட் டோர்னமென்ட்ஸ்’ விரிவாக்கத்தோடு காப்பாளர் ஆட்சி முறையாகச் சேர்ந்தது: அரசனுக்கும் காப்பாளருக்கும் இடையில் அதிகாரத் தராசு ஒன்று அங்குமிங்கும் சாயும், காப்பாளர் வேரூன்றினால் பிடுங்குவது கடினம். காப்பாளர் ஆட்சியை முடிந்துபோகக் காத்திருக்கும் தண்டனையாக வைக்காமல் நடந்துகொண்டிருக்கும் இழுபறியாக மாற்றியதுதான் இந்த வடிவமைப்பின் பெரிய சாதனை. அந்த ஒரு கருத்தைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முழுவதையும் எடுக்க முடியுமா என்று கணக்குப் பாருங்கள். யாழ்ப்பாணம், கண்டி, ஊவா, மாத்தளை, வன்னிமைகள் என்று 12 வீடுகள், வீட்டுக்கு 15 பேர் என்றாலே 180 ஆட்கள். ஒவ்வொரு போகமும் பிறப்பு, இறப்பு, திருமணம், நோய் என்று ஒவ்வொருவருக்கும் பார்க்க வேண்டும். கணினிக்கு அது பாரமில்லை. பாரம் எழுதுபவர்களுக்கு. ஆட்டக்காரருக்கு உறவு உயிரோடு தெரிய 150 ஈவன்ட் வாசகங்களாவது வேண்டும், ஒவ்வொன்றும் தந்தைவழிக்கும், சகோதரியின் பிள்ளைகளுக்கு உரிமை போகும் மருமக்கள்வழிக்கும் பொருந்த வேண்டும். கைபேசித் திரையில் மூன்று தலைமுறை மரத்தை வாசிக்கும்படி வரைவது தனி வேலை.

அதோடு இன்னொரு தடை. வம்சாவளி நூல்களில் பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. 180 பேரில் பாதிப் பேருக்கு நீங்கள் பெயர் கற்பனை செய்ய வேண்டிவரும். செய்யலாம், ஆனால் பதிவிலிருப்பவருக்கும் கற்பனைக்கும் திரையிலேயே வேறுபாடு காட்டுங்கள், பெயரின் நிறத்தை மாற்றினாலும் போதும். பாடசாலைப் பிள்ளைகள் இதை வரலாறு என்று நம்பிப் படிப்பார்கள்.

மூன்று நான்கு பேர் குழு இந்த மரத்தைத் தொடக்கத்திலிருந்து கட்ட முயன்றால் முடிக்காது என்பதுதான் எங்கள் திடமான கருத்து.

பிடி முறை

நாங்கள் பரிந்துரைப்பது இது. ஆட்களின் மரத்துக்குப் பதில் வீடுகளும், வீட்டுக்கு நான்கே நான்கு இடங்களும்: பட்டம் உடையவர், வாரிசு, வாரிசின் தாய், பிடி வைத்திருப்பவர். வாரிசுக்கு இரண்டு இணைப்புகள், தந்தை வீடு, தாய் வீடு. திருமணம் என்பது திறன் அட்டை வாங்குவது அல்ல; இரண்டு வீடுகளைக் கட்டும் கயிறு. அரசி அந்தக் கயிறாக அரசன் இறந்த பிறகும் தரவில் இருப்பார், மறுமணம் செய்தால் இன்னொரு வீட்டோடும் இணைவார். குசுமாசன தேவிக்கு இடம் கிடைத்துவிட்டது. பட்டமும் பிடியும் தனி இடங்கள் என்பதால் லீலாவதிக்கும் கிடைத்துவிட்டது.

பிடிக்கு 0 முதல் 100 வரை ஓர் அளவு. காப்பாளர் யார் என்பதைப் பொறுத்துத் தொடக்கம்: தாய் அல்லது பாட்டி 25, தாய்மாமன் 35, சேனாபதி அல்லது அதிகாரி 40, பட்டத்துக்குரிய வரிசையில் இல்லாத தந்தை 45, தந்தையின் சகோதரன் 50, நாட்டுக்குள் கோட்டை வைத்திருக்கும் அந்நியர் 55. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. தானே பட்டம் கேட்கக்கூடியவரிடம் பிடி கூடுதலாகத் தொடங்க வேண்டும். பிள்ளை அழிந்தால் தானும் அழிபவரிடம் குறைவாக. பிள்ளை போனால் தாய்க்கு எதுவும் மிஞ்சாது.

ஒவ்வொரு போகமும் பிடி தானாக 1 ஏறும். காப்பாளர் தன் ஆளை ஒரு பகுதிக்குத் திசாவையாகவோ முதலியாராகவோ (பகுதி அதிகாரியாக) வைத்தால் 4 ஏறும், ஆனால் அந்தப் பகுதியின் வரி 10 சதவீதம் கூடும். ஆட்டக்காரருக்கு அந்தப் பணம் தேவைப்படும், அதனால் அனுமதிப்பார். எதிர் வீடு ஒன்றைச் சபைக்குள் அழைத்தால் 5 இறங்கும், அந்த வீட்டுக்குப் பட்ட உரிமை ஒரு புள்ளி கூடும். வாரிசு 12 வயதைத் தாண்டியபின் நிச்சயம் செய்தால் 6 இறங்கும், பெண் கொடுத்த வீடு உள்ளே வரும். எந்த இறக்கமும் இலவசமாக இருக்கக்கூடாது என்பது விதி. இலவசமாக ஒன்று இருந்தால் எல்லாரும் ஒவ்வொரு போகமும் அதையே அழுத்துவார்கள்.

வாரிசு 16 ஆகும்போது பிடி 50 க்குக் கீழே என்றால் ஆட்சி அமைதியாகக் கைமாறும். 50 முதல் 74 வரை என்றால் முடிசூட்டு நடக்கும், ஆனால் காப்பாளர் ஒரு பகுதியின் வரியை 10 போகத்துக்கு வைத்துக்கொள்வார். 75 ஐத் தொட்டால் 16 வயதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு போகமும் பறிப்பு முயற்சிக்கு வாய்ப்பு, பிடியிலிருந்து 70 ஐக் கழித்த சதவீதம். 75 இல் 5, 90 இல் 20.

ஓட்டிப் பாருங்கள். வாரிசுக்கு 3 வயது, காப்பாளர் தாய்: 25 உடன் 26 போகம் சேர்ந்து 51. ஒரே ஒரு முறை எதிர் வீட்டை அழைத்தாலே அமைதியாக முடியும். காப்பாளர் அதிகாரி என்றால் 66, ஒரு பகுதியின் வரியை இழப்பீர்கள். தந்தையின் சகோதரன் என்றால் 25 ஆவது போகத்தில் 75, பிள்ளை பட்டத்தை எட்டும் தறுவாயில். அந்நியர் என்றால் 20 போகத்தில், பத்தே ஆண்டில். எதுவும் செய்யாமல் இருப்பவருக்கும் காப்பாளரைப் பொறுத்து பிடி வேறு வேறு இடத்தில் போய் நிற்கிறது. எண்கள் சரியாக அமைந்ததற்கு அதுவே சான்று.

இனி 1617. அரசகேசரி 50 இல் தொடங்குகிறார். பதவி இல்லாத, வயது வந்த அரச குல ஆண் ஒருவர் இருந்தால், பிடி 60 க்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு போகமும் 4 சதவீதம் அவர் எழும் வாய்ப்பு வையுங்கள். எழுந்து வென்றால் புதிய காப்பாளர் 60 இல் தொடங்குவார், நாட்டின் ஏற்பு, அதாவது ஆட்சியை நாடு ஏற்கும் அளவு, 30 புள்ளி சரியும். அந்தச் சரிவை வெளி அரசின் அங்கீகாரத்தால் 20 புள்ளி நிமிர்த்தலாம். விலை திறையும் ஓர் உடன்படிக்கையும். உடன்படிக்கையை மீறினால் அங்கீகாரம் கொடுத்தவருக்குப் படையெடுக்கக் காரணம் கிடைக்கும். சங்கிலி பின்னர் தஞ்சை நாயக்கரிடம் படை உதவி பெற்றதும் 1619 இல் ஒலிவேரா வந்ததும் இந்த விதிகளுக்குள்ளேயே நடக்கும், தனி ஈவன்ட் எழுதத் தேவையில்லை.

கோட்டை இராச்சியத்தின் 1551 க்கு இன்னொரு விதி வேண்டும். போர்த்துக்கேயர் விதியே பண்டாரவைப் பிடித்துச் சிறை வைத்தார்கள். அவர் தப்பி எதிராளியானார். தலைநகர்ப் பகுதியில் கோட்டை உள்ள நட்பு அரசு ‘காப்பாளரைச் சிறைபிடி’ என்ற செயலைச் செய்யலாம் என்று வையுங்கள். போகத்துக்கு 15 சதவீதம் தப்பும் வாய்ப்பு. தப்பினால் அவர் ஒரு படையோடு வரைபடத்தில் தோன்ற வேண்டும், வெறும் செய்தியாக அல்ல.

மருமக்கள்வழிக்கு வீட்டுக்கு ஒரு கட்டம்: மரபு தந்தைவழியா, மருமக்கள்வழியா. அதற்கேற்ப வாரிசைத் தேடும் வரிசையும் காப்பாளரைத் தேடும் வரிசையும் மாறும். மருமக்கள்வழியில் வாரிசு சகோதரியின் மகன்; காப்பாளர் வரிசையில் முதலில் அந்தச் சகோதரி, அடுத்து எஞ்சிய தாய்மாமன்கள். மனைவி வரிசையிலேயே இல்லை. இந்த ஒரு கட்டத்தைத் தொடக்கத்திலேயே போடுங்கள். பிறகு சேர்க்கப் போனால் வாரிசைத் தொடும் குறிமுறை முழுவதையும் மறுபடி திறக்க வேண்டிவரும்.

எங்கே பிழைக்கும்

வயதை எண்ணாகச் சேமிக்காதீர்கள். பிறந்த போகத்தைச் சேமித்து, வயதைக் கணக்கிடுங்கள். எண்ணாக வைத்தால் ஆண்டுக்கு இரண்டு முறை கூட்டிவிட்டு, எட்டு ஆண்டில் பிள்ளைக்குப் பதினாறு வயது வந்துவிடும். இந்தப் பிழை உடனே கண்ணில் படாது.

ஆட்களைப் பெயரால் தேடாதீர்கள். இராஜசிங்கன், விமலதர்மசூரியன், பராக்கிரமபாகு என்று ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுங்கள், பெயர் திரைக்கு மட்டும்.

காப்பாளர் இறக்கும்போது அடுத்தவரைத் தேடும் வரிசை வெறுமையில் முடியக்கூடாது. கடைசி இடத்தில் எப்போதும் சபை நிற்கட்டும், பிடி 30. இதை மறந்த கேம்கள் சரியாக அந்தப் போகத்தில் நின்றுபோகும். காப்பாளரும் 16 க்குக் கீழ் இருக்கக்கூடாது என்று சோதியுங்கள். சிறுவனுக்கு அக்கா காப்பாளராகி, அக்காவுக்கு இன்னொரு சிறுவன் காப்பாளராகிச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

காப்பாளர் வீழ்ந்தால் பிள்ளையின் கதி என்ன என்பதற்குத் தனிப் படி வேண்டும். 1208 இல் ஆயஸ்மந்தன் மூன்று மாதக் குழந்தை தர்மாசோகனைப் பட்டத்தில் வைத்தான். அனிகங்கன் சோழநாட்டிலிருந்து படையோடு வந்து சேனாபதியையும் குழந்தையையும் கொன்றான், அவனும் 17 நாள்தான் ஆண்டான். கொலை, சிறை, துறவு, தாய் வீட்டுக்கு அனுப்புதல் என்று நான்கு முடிவுகள் போதும். குழந்தையைக் கொல்லும் தெரிவை ஆட்டக்காரரின் பொத்தானாக வைக்காமல் எதிராளியின் செயலாக மட்டும் வைப்பது நல்லது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் இதை விளையாடும்.

கணினி எதிராளிகள் காப்பாளர் ஆட்சி தொடங்கிய மறுபோகமே எல்லாத் திசையிலிருந்தும் தாக்குவார்கள். இது எல்லா உத்தி கேமிலும் வரும் நோய். அவர்கள் பார்வையில் உங்கள் பலம் ஒரே நாளில் சரிந்துவிட்டதுதான் காரணம். ஏற்பைப் போகத்துக்கு 5 ஆக மெல்லச் சரியவிடுங்கள், நோய் தணியும்.

எதன் மேல் கட்டுவது

ஏற்கெனவே இருக்கும் கேமை மாற்றியமைத்து மொட் செய்வதா, சொந்தமாகக் கட்டுவதா என்பது களத்தைப் பொறுத்தது. லீலாவதி, கல்யாணவதி காலம்தான் உங்கள் ஆசை என்றால் குருசேடர் கிங்ஸ் 3 இல் மொட் செய்யுங்கள். 1178 தொடக்கம் அதில் இருக்கிறது. பராக்கிரமபாகு 1186 வரை ஆண்டவர். உறவு மரமும் தராசும் ஆயத்தமாகக் கிடைக்கும். கோட்டை, கண்டி, யாழ்ப்பாணம் என்றால் 1444 இல் தொடங்கும் யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4; ஆனால் மருமக்கள்வழியை அதன் அரசி அட்டைக்குள் திணிப்பது பெரும்பாடு. இரண்டிலும் திரை வாசகக் கோப்புகளை யூடிஎஃப்-8 பொம் (UTF-8 BOM) என்ற எழுத்துக் குறியீட்டு வடிவில் சேமிக்க வேண்டும், இல்லையேல் வாசகங்கள் ஏறாது. யூரோப்பா 4 இன் ஈவன்ட் கோப்புகளோ விண்டோஸ்-1252 வடிவில் இருக்க வேண்டும். இரண்டின் மொழிப் பட்டியலிலும் தமிழ் இல்லை. யூரோப்பா 4 பிட்மெப் எழுத்துருவில் (எழுத்துகளைப் படங்களாக வைத்திருக்கும் எழுத்துருவில்) ஓடுவதால் அதில் தமிழைக் கொண்டுவர முயன்று நாளை வீணாக்காதீர்கள்.

தமிழில் வாசிக்கப்படும் கேம் வேண்டுமென்றால் சொந்தமாகக் கட்டத்தான் வேண்டும். கேம் கட்டும் மென்பொருளான யூனிட்டியில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோ தமிழ் எழுத்தை ஒழுங்குபடுத்தாது. கொம்பு எழுத்துக்கு வலப்பக்கம் போய் நிற்கும். 2023 மார்ச்சில் வந்த, அதே வகை மென்பொருளான கொடோட் 4 ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து ஒழுங்கியோடு வருவதால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் போட்டால் சரியாகக் காட்டும். பழைய கைபேசிகளுக்கு அதன் ‘கொம்பற்றிபிலிற்றி’ (Compatibility) வரைமுறையைத் தெரிவுசெய்யுங்கள்.

கட்டும் வரிசை இப்படி இருக்கட்டும். முதல் வாரம் படமும் வரைபடமும் வேண்டாம். வீடு, நான்கு இடங்கள், மரபு வழிக் கட்டம், பிடி அளவு, இவை மட்டும். ஒரு விரிதாளிலேயே செய்யலாம். இரண்டாவது வாரம் 1617, 1551, 1208 மூன்றையும் அதில் ஓட்டி, கையால் 94 போகம் நகர்த்துங்கள். மூன்றாவது வாரம் கண்டி ஒன்று, மட்டக்களப்பு வன்னிமை ஒன்று என்று இரண்டு வீடுகளுக்கிடையில் ஒரு திருமணம் வைத்து, இரண்டு பக்கத் தலைவர்களையும் ஒரே போகத்தில் சாகடியுங்கள். கண்டியில் மகனும் வன்னிமையில் சகோதரியின் மகனும் வாரிசாக வந்தால் கோட் எழுதத் தொடங்கலாம்.